நான்கு தண்ணீர்

ஐம்பது கிராம் ஈரல் நிறுப்பது என்றால் கறிக்கடைக்காரருக்கு எரிச்சலான வேலை. கிலோக் கணக்கில் வெட்டித் தள்ளுகிற கை, அந்த ஈரலைக் கிள்ளிக் கிள்ளித் தராசில் வைக்க வேண்டும். ஆனாலும் சனிக்கிழமை மதியம் கறையக்கா வந்து நின்றால் அவர் முகம் சுளித்ததில்லை.

"வாங்கக்கா. மேனேஜர் சாப்பாடுதானே?"

"ஆமா."

"கோழித்தொடை அறுநூறு, இதயம் இருநூத்தம்பது, ஈரல் அம்பது. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். என் வீட்டுக்காரி சொல்லி அனுப்பறதுதான் பாதியில மறந்துடுது."

அவள் சிரித்தாள். இந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று தெரிந்ததால் சிரித்தாள்.

"அண்ணன் இருந்தப்ப தட்டுல தேங்கற ரத்தத்தையும் வழிச்சுப் பையில ஊத்தச் சொல்லுவார். ஊத்தட்டுமா?"

"வேண்டாம், பஸ்ல ஒழுகும். நல்லா வடிச்சே குடுங்க."

"உங்க இஷ்டம். மேனேஜர் கோவிச்சுக்கலையே?"

"அது ஒண்ணும் சொல்லல."

"வாயத் திறக்காத மேனேஜர். குடுத்து வச்சவங்கக்கா நீங்க."

கறையக்கா என்பது சலவைக்கூடத்தில் அவளுக்கு விழுந்த பேர். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் துணிகளில் கறை பட்டதை மட்டும் பிரித்து அவள் மேஜைக்குத் தள்ளிவிடுவார்கள். பதினெட்டு வருஷமாக அதே மேஜை. எண்ணெய்க்கு, மைக்கு, துருவுக்கு என்று வரிசையாகக் குப்பிகள் இருந்தன. ரத்தத்துக்குக் குப்பி கிடையாது. வெறும் பச்சைத் தண்ணீர்தான். கொஞ்சம் சூடு பட்டாலும் ரத்தம் நூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும், அப்புறம் எந்த மருந்துக்கும் எழுந்திருக்காது. பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மாற்றி, மறுபடி ஊறப்போட்டு, தண்ணீர் தெளிகிறவரை அவசரப்படாமல் செய்ய வேண்டும். நான்காவது தண்ணீருக்கு மேல் நின்ற ரத்தத்தை அவள் பார்த்ததில்லை.

மேனேஜர் அவள் கணவர் வளர்த்த பூனை. வீட்டுக்கு வந்த முதல் நாளே மேஜைக்குப் பின்னால் இருந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, இருவரும் வேலை செய்வதை மேற்பார்வை பார்த்ததால் அந்தப் பேர். கணவர் தராசு மெக்கானிக். கடை கடையாகப் போய்த் தராசுகள் சரியாக நிறுக்கின்றனவா என்று பார்த்துச் சரிசெய்வது அவர் தொழில். பூனைக்குப் பச்சைக் கறிதான் இயற்கையான சாப்பாடு, ஆனால் எல்லாம் அளவோடு இருக்க வேண்டும் என்று எங்கெங்கோ படித்து, ஒரு அட்டையில் கிராம் கிராமாக எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தார். தொடை, இதயம், ஈரல், இரண்டு முட்டை மஞ்சள் கரு, ஒரு கரண்டி முட்டை ஓட்டுத் தூள். பிசைந்து ஏழு டப்பாக்களில் அடைத்து உறைய வை. தினம் ஒரு டப்பா.

சனிக்கிழமைகளில் அவர் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் இந்த வேலையைச் செய்வார். அவள் எட்டிப் பார்த்தால், "நீ வராதே. வந்தா துடைக்க ஆரம்பிச்சிடுவே" என்பார். அதனால் அவர் எப்படிச் செய்தார் என்று அவள் பார்த்ததே இல்லை.

பத்து மாதத்துக்கு முன்னால் ஒரு திருப்பத்தில் லாரி ஒன்று அவர் ஸ்கூட்டரில் மோதியது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவளுக்கு வரிசையாக நினைவிருந்தது. யார் வந்தார்கள், யார் என்ன சொன்னார்கள், எந்தக் கையெழுத்தை எங்கே போட்டாள் என்று கேட்டால் சொல்லிவிடுவாள். அழுகை மட்டும் வரவில்லை. வரவில்லை என்பதை அவளே கொஞ்சம் தள்ளி நின்று கவனித்தாள், பஸ்ஸில் வேறு யாருடைய பையோ தொலைந்துபோனதைக் கவனிப்பது போல. எல்லோரும் போன பிறகு மேனேஜர் ஃப்ரிட்ஜ் முன்னால் வந்து உட்கார்ந்தது. அவள் அட்டையைப் படித்தாள். செய்ய வேண்டியது எழுதியிருந்தது. எழுதியிருந்ததைச் செய்தாள்.

அட்டையில் கழுவு என்றும் இல்லை, கழுவாதே என்றும் இல்லை. கறியைக் கழுவுவது எழுத வேண்டிய விஷயமா என்ன? பொடியாக வெட்டினால்தான் உள்ளே இருக்கும் ரத்தம் இறங்கும் என்று பொடியாக வெட்டினாள். பெரிய பாத்திரத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்றி மூழ்க வைத்தாள். முதல் தண்ணீர் சிவப்பாக வரும். இரண்டாவது ரோஜா நிறம். மூன்றாவதை ஊற்றிவிட்டுத் தூங்கப் போய்விடுவாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அது அரிசி கழுவின தண்ணீர் போல இருக்கும். நான்காவதை ஊற்றினால் பாத்திரத்தின் அடி தெரியும். கறி அதற்குள் நனைந்த காகிதம் மாதிரி வெளுத்திருக்கும். அப்புறம் நிறுப்பாள், பிசைவாள், அடைப்பாள். சிவப்புத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டும்போதெல்லாம் மேனேஜர் ஓடிவந்து, தொட்டியின் ஓட்டையில் மூக்கை வைத்து நக்கும். "சீ, அழுக்கு" என்று இறக்கிவிடுவாள்.

முதல் சில வாரம் மேனேஜர் தட்டைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தது. பிறகு சாப்பிட ஆரம்பித்தது. அவளும் அப்படித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பத்தாவது மாதம் ஒரு காலையில் மேனேஜர் ஜன்னலுக்குத் தாவியது. ஆறு வருஷமாகத் தாவுகிற ஜன்னல். ஒரு சாண் குறைவாகத் தாவி, விளிம்பில் முன்கால் இடித்துக் கீழே விழுந்தது. விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து, அதைச் செய்தது தானில்லை என்பது போல முதுகை நக்கிக்கொண்டது. அவள் பார்த்தாள். ஒரு நாற்காலியை இழுத்து ஜன்னலடியில் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். மறுநாள் நாற்காலிக்கும் தாவவில்லை. அதற்கடுத்த வாரம் மேனேஜர் கட்டிலுக்கு அடியிலேயே இருக்கத் தொடங்கியது. அதையும் பார்த்தாள். பார்த்ததெல்லாம் கண்ணோடு நின்றுபோயிற்று.

மூன்றாவது ஞாயிறு நாத்தனார் வந்தாள். கணவரின் தங்கை, பள்ளிச் சீருடை தைப்பவள். மெஷினோடு போட்டி போட்டுப் பேசிப் பேசி, மெஷின் நின்றாலும் வாய் நிற்காது. அண்ணன் அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார். வரும்போதெல்லாம் பையில் ரிப்பன் துண்டு ஒன்று இருக்கும், மேனேஜருக்கு ஆட்டிக்காட்ட.

"என்ன அண்ணி, மேனேஜர் லீவுல இருக்காரா?"

கட்டிலுக்கு அடியில் குனிந்து பூனையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். ரிப்பனை ஆட்டினாள். பூனை அசையவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டே ஆட்டினாள். மூக்கில் பட்டதும் அது திடுக்கிட்டுத் தலையை இழுத்துக்கொண்டது.

"அண்ணி, இவனுக்குக் கண்ணு தெரியல."

"வயசாகுது."

"ஆறு வயசு. ஆறு வயசுக்கே இப்படின்னா என்னை எங்க கொண்டு வைப்பீங்க, மியூசியத்துலயா? எத்தனை நாளா இப்படி இருக்கான்?"

"மூணு வாரமா ஜன்னலுக்குத் தாவறதில்ல."

"மூணு வாரமா பாத்துட்டு இருந்தீங்களா?"

"நாற்காலி போட்டேன்."

"நாற்காலி போட்டீங்க" என்றாள் நாத்தனார், கோர்ட்டில் எழுதிக்கொள்கிறவரைப் போல. பூனையின் விலாவில் கை வைத்தவள் கையை எடுக்கவில்லை. "மூச்சு வேற இப்படி வாங்குது. எல்லாம் இந்தப் பச்சைக் கறிதான். அண்ணன்கிட்ட அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன், வேகவச்சுப் போடுன்னு. அவர் கேட்டாரா? இப்ப நீங்க அந்த அட்டையைக் கட்டிக்கிட்டு அழறீங்க."

"அழல."

"அதுதான் தெரியுமே" என்றாள் நாத்தனார்.

மறுநாள் இருவரும் அரை நாள் லீவு போட்டுவிட்டு மேனேஜரைக் கூடையில் வைத்துப் பூனை டாக்டரிடம் கொண்டுபோனார்கள். டாக்டர் சின்னப் பெண். முழங்கைவரை பழைய கீறல், புதுக் கீறல். பூனையின் மார்பில் கருவியை வைத்துத் திரையை வெகுநேரம் பார்த்தாள். கண்ணுக்குள் சின்ன விளக்கை அடித்துப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்து எதிரே போட்டுக்கொண்டாள்.

"இதயம் வீங்கியிருக்கு. சுவர் மெலிஞ்சு, துடிக்கவே கஷ்டப்படுது. கண்ணுக்குப் பின்னாடி இருக்கற படலமும் கெட்டிருக்கு. என்ன சாப்பாடு போடறீங்க?"

"பச்சைக் கறி டாக்டர்" என்றாள் நாத்தனார் முந்திக்கொண்டு. "நான் சொன்னேன்ல அண்ணி?"

கறையக்கா அட்டையை மனப்பாடமாகச் சொன்னாள். கிராம் கிராமாகச் சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டே வந்து நிறுத்தினாள்.

"ரொம்பச் சரியா இருக்கே. யார் போட்ட அளவு?"

"என் வீட்டுக்காரர்."

"இவ்வளவு இதயக்கறி சாப்பிடற பூனைக்கு இந்தக் குறை வரவே கூடாது." டாக்டர் பேனாவால் காதைச் சொறிந்தாள். "வாங்கிட்டு வர்றதுல இருந்து சொல்லுங்க. எப்படிச் செய்வீங்க?"

சொன்னாள். தன் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் அவள் குறை வைக்காமல் சொல்வாள். பொடியாக வெட்டுவது, மூழ்க வைப்பது, தண்ணீரை மாற்றுவது, இரவு முழுக்க ஊறுவது.

"எத்தனை தடவை மாத்துவீங்க?"

"நாலு தண்ணி. தெளியற வரைக்கும்."

டாக்டர் பேனாவை மூடி மேஜையில் வைத்தாள். குரலை இறக்கி, தவறு செய்த பிள்ளையிடம் பேசுவதற்கு நேர்மாறாக, மிகவும் மரியாதையாகப் பேசினாள்.

"பூனைக்கு டாரின்ங்கற ஒரு சத்து வேணும். இதயத்துக்கும் கண்ணுக்கும் அதுதான் ஆதாரம். நம்ம உடம்பு அதைத் தானே செஞ்சுக்கும். பூனையால அது முடியாது, கறியில இருந்துதான் எடுத்துக்கணும். அது தண்ணியில கரையற சத்தும்மா. லேசா ஒரு அலம்பு அலம்பினா பரவாயில்ல. பொடிசா வெட்டி, ராத்திரி பூரா ஊறவச்சு, ஒவ்வொரு தடவையும் தண்ணியக் கொட்டினா..."

மீதியைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. எது கரையும், எது கரையாது, எதைக் கரைக்க எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரிந்த அளவு அந்த அறையில் யாருக்கும் தெரியாது. பத்து மாதம். நாற்பது சனிக்கிழமைக்கு மேல். மேனேஜரின் கண்ணை அவள் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அது ஓடிவந்து ஓட்டையில் தேடியிருக்கிறது.

"பிழைச்சுக்குவானா?" என்று கேட்டது நாத்தனார்.

"இதயம் திரும்ப வரலாம். ஆறேழு வாரத்துல தெரிஞ்சிடும். வராமலும் போகலாம், பொய் சொல்ல விரும்பல. கண்ணு போன வரைக்கும் போனதுதான். மிச்சத்தைக் காப்பாத்தலாம்." டாக்டர் மாத்திரையும், அந்தச் சத்துக்காக ஒரு வெள்ளைத் தூளும் எழுதினாள். "தூங்கும்போது ஒரு நிமிஷம் மூச்சை எண்ணுங்க. முப்பதைத் தாண்டினா எனக்குச் சொல்லுங்க. நாப்பதுக்குப் போனா எதையும் யோசிக்காம தூக்கிட்டு வாங்க. ரெண்டு நாள் சேர்ந்தாப்பல பட்டினி கிடக்க விடாதீங்க, பூனைக்கு அது ஈரலைக் கெடுத்துடும்."

"இனிமே வேகவச்சுத்தானே போடணும்?"

"அதை அப்புறம் பாக்கலாம். இப்போதைக்கு எதைச் சாப்பிடறானோ அதைக் குடுங்க. பழக்கத்தை மாத்தற நேரம் இது இல்ல."

ஆட்டோவில் கூடை நாத்தனாரின் மடியில் இருந்தது. இரண்டு சிக்னல் தாண்டும்வரை அவள் பேசவில்லை. ரேடியோ பேசாமல் வந்ததால் ஆட்டோவின் ஒவ்வொரு போல்ட்டும் ஆடுவது காதில் விழுந்தது.

"அந்தச் சட்டையையும் இப்படித்தான் கழுவினீங்க" என்றாள் கடைசியில்.

கறையக்கா வெளியே பார்த்தாள்.

அந்தச் சட்டையை ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். நான்காம் நாள் வேலைக்குத் திரும்பியபோது அதையும் எடுத்துப்போனாள். மெஷின்கள் ஓடத் தொடங்குவதற்கு முன்னால் தன் மேஜையில் ஊறப்போட்டாள். நான்கு தண்ணீர். இஸ்திரி போட்டு மடித்து அலமாரியில் வைத்தாள். பதினைந்து நாள் கழித்து நாத்தனார் வந்து, அண்ணன் கடைசியாகப் போட்டிருந்த சட்டை தனக்கு வேண்டும் என்றாள். எடுத்துக் கொடுத்தாள். நாத்தனார் அதை விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள். கடையில் வாங்கினது போல இருந்தது.

"அவரோடதுன்னு சொல்ல அதுல ஒரு புள்ளிகூட இல்ல. எப்படி அண்ணி மனசு வந்துது உங்களுக்கு?" என்று ஆட்டோவில் கேட்டாள் நாத்தனார்.

மனசு வந்துதா என்று கறையக்கா யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், பதில் சொல்ல வேண்டும் என்று. அன்று அந்தச் சட்டையை எடுத்தபோது இது ஒரு ரத்தக் கறை என்றுதான் கைக்குத் தெரிந்தது. வேறு எதையாவது தெரிந்துகொண்டிருந்தால் கை ஓடியிருக்காது. அப்படியென்றால் தெரியாமல் இருக்கத்தான் கழுவினாளா? இப்போது பூனைக்கு நேர்ந்ததற்காவது ஏதாவது தோன்ற வேண்டும் என்று துக்கம் இருக்க வேண்டிய இடத்தில் துழாவிப் பார்த்தாள். துழாவின கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை.

"தெரியல" என்றாள்.

"இவனை நான் எடுத்துட்டுப் போறேன்."

"எடுத்துட்டுப் போ."

சண்டைக்குத் தயாராக வந்திருந்த நாத்தனார் ஒரு கணம் திகைத்துப்போனாள். கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கறையக்கா மாத்திரையையும் தூளையும் அவள் பையில் வைத்தாள். வீட்டு வாசலில் தான் மட்டும் இறங்கிக்கொண்டாள்.

செவ்வாய் ஒருமாதிரி போயிற்று. வேலை, பஸ், வீடு. ஃப்ரிட்ஜைத் திறந்து தண்ணீர் எடுத்துக் குடித்தாள். அட்டை ஒட்டியபடியே இருந்தது. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை.

புதன்கிழமை பதினொரு மணிக்குச் சலவைக்கூடத்து ஆபீஸ் போனில் அவளைக் கூப்பிட்டார்கள்.

"அண்ணி, சாப்பிட மாட்டேங்கறான்." பின்னால் மெஷின் சத்தம் இல்லை. நாத்தனார் வேலைக்குப் போகவில்லை போலிருக்கிறது. "கோழியை வேகவச்சுப் பிச்சுப் போட்டேன். மீன் போட்டேன். கடையில விக்கற உருண்டையை வாங்கி ஊறவச்சுப் போட்டேன். மோந்துட்டுத் திரும்பிக்கறான். ரெண்டு நாளாகப்போகுது. மாத்திரையக்கூடத் துப்பிட்டான்."

"பச்சையா வெட்டிப் போட்டியா?"

"அதுதான் முடியல அண்ணி. ஈரலைத் தொட்டாலே எனக்குக் குமட்டிட்டு வருது. கையுறை போட்டும் பாத்துட்டேன். பூனைக்கு முன்னாடி நான் போயிடுவேன் போலிருக்கு."

"வரேன்."

சூப்பர்வைசரிடம் போய் நின்றாள். பதினெட்டு வருஷத்தில் வேலை நடுவில் அவள் லீவு கேட்டதில்லை.

"என்ன கறையக்கா, உடம்பு சரியில்லையா?"

"வீட்டுல ஒருத்தர் சாப்பிடல."

அவர் கையைக் காட்டிப் போகச் சொன்னார்.

கறிக்கடைக்காரர் அவளைப் பார்த்துச் சுவரில் இருந்த காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். "என்னக்கா, புதன்கிழமையே சனிக்கிழமை வந்துடுச்சா?"

"அதே அளவுதான். வடிக்காம குடுங்க."

"சரிக்கா."

"தட்டுல இருக்கறதையும் வழிச்சு ஊத்துங்க."

அவர் தட்டைச் சாய்த்தார். ஒழுகாமல் இருக்கப் பைக்குமேல் பை போட்டு, வாயை இரண்டு முடிச்சாகக் கட்டிக் கொடுத்தார். பஸ்ஸில் அதை மடியில் வைத்து, அடியில் கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு போனாள்.

நாத்தனாரின் சமையலறை இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் மூச்சுவிட முடியாத அளவு. ஜன்னலோரம் நூல்கண்டுகள், சீருடைப் பொத்தான் டப்பா. கறையக்கா பலகையை எடுத்து வைத்துக் கறியை அதில் கொட்டினாள். கொட்டியதும் அவளுடைய இடது கை தானாகப் போய்க் குழாயைத் திறந்தது. தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுத்தான் திறந்திருப்பது தெரிந்தது. மூடினாள்.

பெரிய துண்டுகளாக வெட்டினாள். ஈரல் கத்திக்கு அடியில் வழுக்கியது. இதயங்களை ஒவ்வொன்றாகப் பிளந்தபோது உள்ளே கட்டியாக நின்றிருந்த ரத்தம் விரலில் ஏறியது. நகக்கண்ணுக்குள் போயிற்று. முட்டைக் கருவையும் டாக்டர் எழுதின தூளையும் போட்டு இரண்டு கையாலும் பிசைந்தாள். கை மணிக்கட்டுவரை சிவந்திருந்தது. இருபது நிமிஷத்தில் இது காய்ந்து தோலை இழுக்கும், அதற்குள் தண்ணீரில் வைக்க வேண்டும் என்று பதினெட்டு வருஷப் பழக்கம் உள்ளே சொல்லிக்கொண்டே இருந்தது. கேட்டுக்கொண்டே பிசைந்தாள்.

நாத்தனார் மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு வாசற்படியில் நின்றாள். "முடிஞ்சுதா அண்ணி?" என்று தலைப்புக்குள்ளிருந்தே கேட்டாள். "இந்த வாடையில நீங்க எப்படி நிக்கறீங்க?"

"அவனைக் கொண்டு வா."

கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. தையல் மெஷினுக்கு அடியிலிருந்து மேனேஜர் தானே வந்துகொண்டிருந்தது. கதவு நிலையில் தோள் இடித்து நின்றது. தலையைத் தூக்கிக் காற்றை மோந்தது. திருத்திக்கொண்டு மறுபடி நடந்து, தட்டைத் தாண்டி, தரையில் உட்கார்ந்திருந்த அவள் கைக்கு வந்தது. விரலை நக்கியது. நாக்கு அரம் போல இருந்தது. ஒவ்வொரு விரலாக, இடுக்கு விடாமல், தோல் எரிகிற அளவுக்கு நக்கியது. அவள் கையை மெல்லத் தட்டுக்குள் இறக்கினாள். வாயும் கூடவே இறங்கி, கறியைக் கண்டுபிடித்துக்கொண்டது.

"சாப்பிடறான் அண்ணி." நாத்தனார் தலைப்பை மூக்கிலிருந்து கண்ணுக்கு மாற்றிக்கொண்டாள். "பாருங்க, சாப்பிடறான்."

"ம்."

"உங்களுக்குச் சந்தோஷமா இல்லையா?"

"தெரியல." கையைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு, "நான் நல்லாத்தான் செய்யறேன்னு நினைச்சேன்" என்றாள்.

நாத்தனார் சரிந்து படியிலேயே உட்கார்ந்தாள். இருவரும் பூனை மெல்லுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு நாலு தண்ணி அஞ்சு தண்ணி எதுவும் தெரியாது" என்றாள் நாத்தனார். "ஆனா நான் செஞ்சிருந்தா மட்டும் என்ன, கழுவாமயா விட்டிருப்பேன்? உங்களைவிட ரெண்டு தடவை கூடத்தான் கழுவியிருப்பேன். நாத்தம் போக எலுமிச்சம்பழம் வேற பிழிஞ்சிருப்பேன். இவனை நீங்களே அழைச்சுட்டுப் போங்க. எனக்கு இது ஒத்துவராது. ஞாயித்துக்கிழமை வந்து பாத்துக்கறேன்."

சட்டையைப் பற்றி அவள் பேசவில்லை. பேசாததால் அது முடிந்துவிட்டது என்று கறையக்கா நினைத்துக்கொள்ளவும் இல்லை.

அதன் பிறகு தினமும் மூச்சை எண்ண வேண்டியிருந்தது. வேலை விட்டு வந்ததும், மேனேஜர் தூங்குகிற இடத்துக்கு எதிரே, கடிகாரத்தோடு தரையில் உட்காருவாள். விலா ஏறி இறங்குவது ஒன்று. தொடக் கூடாது, எழுப்பக் கூடாது, வேறு எதையும் செய்யக் கூடாது. சும்மா பார்க்க வேண்டும். ஒரு நிமிஷம் இவ்வளவு நீளம் என்று அவளுக்கு அதற்கு முன் தெரிந்திருக்கவில்லை. முதல் வாரம் முப்பத்தெட்டு, முப்பத்தேழு என்று தினமும் டாக்டருக்குப் போனில் சொன்னாள். ஒருநாள் முப்பத்தொன்பது என்று சொன்னாள். மாத்திரையைக் கூட்டச் சொன்னார்கள். கூட்டினாள். முப்பத்துநான்கு ஆயிற்று. இரண்டு நாள் அங்கேயே நின்றது. எண்ணும்போது தன் மூச்சும் அதோடு சேர்ந்து போவதைக் கண்டுபிடித்தாள். பிரித்துக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. அப்படியே விட்டுவிட்டாள்.

சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரி விரிப்புகள் வந்துகொண்டேயிருந்தன. ஊறப்போட்டாள், மாற்றினாள், ஊறப்போட்டாள். ஒரே ஒரு தடவை, மூன்றாவது தண்ணீரைக் கொட்டப் போனவள் வாளியோடு நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் வரிசையில் நின்றவர் "என்னக்கா, முகம் பாக்கறீங்களா?" என்றார். கொட்டினாள்.

ஏழாவது வாரம் மறுபடி டாக்டர். நாத்தனாரும் வந்தாள். டாக்டர் திரையைப் பார்த்தாள். முன்பு எழுதிய காகிதத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். அந்த நேரம் முழுக்க நாத்தனார் கறையக்காவின் முழங்கையைப் பிடித்திருந்தாள். பிடித்த இடம் வலிக்கத் தொடங்கியிருந்தது.

"வருது" என்றாள் டாக்டர். "முழுசா இல்ல. ஆனா நல்லாத் திரும்பி வருது. இப்படியே போனா மாத்திரையைக் குறைச்சிடலாம். யார் பாத்துக்கறது?"

"அண்ணிதான்" என்றாள் நாத்தனார். உடனே அழுதாள். அழுதுகொண்டே சிரித்து, மேனேஜரை ஏதோ திட்டினாள்.

கறையக்கா கேட்டாள்: "அதுக்கு இப்ப எவ்வளவு தெரியும்?"

டாக்டர் பஞ்சு உருண்டை ஒன்றை எடுத்து மேஜையின் மறுகோடியிலிருந்து உருட்டினாள். மேனேஜர் பார்க்கவில்லை. பாதி தூரத்திலிருந்து உருட்டினாள். பார்க்கவில்லை. முகத்துக்கு நேரே பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தாள். ஒரு இடத்தில் காது முன்னால் திரும்பியது. கறுப்பாக விரிந்திருந்த கண்கள் பஞ்சோடு இடமும் வலமும் நகர்ந்தன.

"இவ்வளவு" என்றாள் டாக்டர். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை உள்ள தூரம். "இதுக்கு மேல இனிமே குறையாது. கூடவும் செய்யாது."

வீட்டுக்கு வந்து கூடையைத் திறந்துவிட்டாள். மேனேஜர் இறங்கிச் சுவரோரமாகவே நடந்து, தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு, கட்டிலின் காலடியில் போய் உட்கார்ந்தது. மூச்சு எண்ணுகிற நேரம் ஆகியிருந்தது. ஆனால் அது தூங்கவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு, அவள் இருக்கிற பக்கத்துக்குக் கொஞ்சம் தள்ளி, எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. இந்தப் பத்துப் பன்னிரண்டு மாதத்தில் தன்னை அது எந்த நாள்வரை பார்த்தது, எந்த நாளிலிருந்து பார்க்கவில்லை என்று அவளுக்குத் தெரியவில்லை.

தரையில் கையை ஊன்றி முன்னால் நகர்ந்தாள். முழங்கையை மடக்கி அளந்துகொண்டாள். இன்னும் கொஞ்சம் நகர்ந்து, குனிந்து, முகத்தை அந்தத் தூரத்துக்குள் கொண்டுபோய் அசையாமல் வைத்துக்கொண்டாள்.

காது முன்னால் திரும்பியது. கண்கள் மெதுவாக வந்து அவள்மேல் நின்றன. மேனேஜர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பார்த்துவிட்டு வாயை அகலத் திறந்து, நிதானமாக ஒரு கொட்டாவி விட்டது. பச்சைக் கறியின் வாடை அவள் முகத்தில் அடித்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.